கரண்டிச் சத்தம்

அந்தக் கடலோரக் காட்சியகத்தில் எதைப் பார்த்தாலும் பக்கத்தில் ஒரு போர்டு இருக்கும். கண்ணாடியைத் தட்டாதே என்று ஒரு போர்டு. நட்சத்திர மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காதே என்று ஒரு போர்டு. கடல் நம் தாய் என்று ஒரு போர்டு; அது கழிவறைக்குப் போகிற வழியில். இத்தனையும் எழுதி மாட்டியவர் காட்சியகத்தின் தலைவர். அதனால் அவருக்குப் பெயரே போர்டு சார் என்று ஆகிவிட்டது. ஆள் கெட்டவர் இல்லை. ஒன்றை எழுதி மாட்டிவிட்டால் அது நடந்து முடிந்துவிட்டது என்று நம்புகிறவர், அவ்வளவுதான். அப்படிப்பட்டவரிடம் வேலை பார்ப்பது என்ன பாடு என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கட்டடம் இரண்டு பாகம். இடப்பக்கம் அருங்காட்சியகம், செத்ததெல்லாம் அங்கே. திமிங்கல எலும்பு, பஞ்சு அடைத்த கடற்பறவை, புட்டியில் ஊறப்போட்ட விலாங்கு. வலப்பக்கம் மீன்கூடம், உயிரோடு இருப்பதெல்லாம் இங்கே. நடுவில் இருபது அடிக்கு ஒரு நடைபாதை. உயிரோடு இருப்பவற்றுக்கெல்லாம் வேளாவேளைக்குத் தீனி போடுகிறவளை எல்லாரும் தீனியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினாலு வருடமாக அந்த வேலை. எத்தனை சோப்பு போட்டாலும் கையை விட்டுக் கணவாய் வாடை போகாது. அவள் புருஷன் படகில் போய் வலை போடுகிறவன். நான் பிடித்துக்கொண்டு வருகிற வாடையும் நீ ஊட்டிவிட்டு வருகிற வாடையும் ஒன்றுதான், நமக்குள் எதற்கு வம்பு என்பான்.

பெரிய தொட்டியில் இருந்த ஆமைக்கு இரண்டு பெயர். போர்டில் கடலரசி. தீனியக்காவுக்கு அது குண்டம்மா. அவள் வேலைக்குச் சேர்ந்த மாதம்தான், தொண்டையில் தூண்டில் முள்ளோடு, சாப்பாட்டுத் தட்டு அளவில் அது வந்து சேர்ந்தது. முள்ளை எடுத்தது அப்போதிருந்த மருத்துவர். பிழைக்க வைத்தது தீனியக்கா. வாயே திறக்காமல் அடியில் கிடந்த குஞ்சுக்காகத் தினமும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, கரண்டியால் இரும்பு விளிம்பில் மூன்று தடவை தட்டி, ஒரு துண்டு கணவாயை நீட்டிக்கொண்டு காத்திருப்பாள். இருபத்து மூன்றாவது நாள் அது மேலே வந்து வாயைத் திறந்தது. அன்று அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். யாராவது செத்துவிட்டார்களா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாளாம்.

அதற்குப் பிறகு டங், டங், டங் என்று சத்தம் கேட்டால் போதும். எந்த மூலையில் தூங்கினாலும் எழுந்து வந்து, தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, வாயை ஆவென்று திறந்துகொண்டு நிற்கும். தினம் காலை பதினோரு மணிக்கு அது ஒரு காட்சியாகவே ஆகிவிட்டது. முக்கியமானவர்கள் வந்தால் போர்டு சாரே கரண்டியை வாங்கித் தட்டுவார். அவருக்கும் வரும். மோட்டார் பார்க்கிறவர் தட்டினாலும் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தட்டினாலும் வரும். தீனியக்காவுக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு. விடுதியில் தங்கிப் படிக்கும் அவள் மகள், அந்த ஆமைக்கு ஒரு வேளை தீனி தவறவிட்டதில்லை, என் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு தடவை வந்ததில்லை என்று சொல்லிக் காட்டுவாள். இரண்டும் உண்மைதான்.

வினை மேலிடத்திலிருந்து வந்தது. மூன்று பேர் வந்தார்கள், தேநீர் குடித்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள். வாசலில் 'கடல் உயிர்ப் பாதுகாப்பு மையம்' என்று எழுதியிருக்கிறீர்களே, இதுவரை எத்தனை உயிரைக் காப்பாற்றிக் கடலுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றுகூட இல்லை. அப்படியானால் அந்தப் பாதுகாப்பு என்ற சொல்லைப் போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போர்டு சாருக்குச் சோறு இறங்கவில்லை. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பார். மறுநாளே முடிவு செய்துவிட்டார்: ஆறு வாரத்தில் கடலரசியைக் கடலில் விடுவது. சிறப்பு விருந்தினர், முந்நூறு மாணவர்கள், மேளதாளம் எல்லாம் உண்டு.

தீனியக்கா பாதி சந்தோஷமும் பாதி வயிற்றெரிச்சலுமாக வீட்டில் வந்து சொன்னாள். புருஷன் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"ஏம்மா, நாங்க எப்படி மீன் பிடிக்கிறோம்னு உனக்குத் தெரியாதா? வலைய வளைச்சுப் போட்டுட்டு, கட்டையால படகுப் பலகையத் தட்டுறோம். மத்த மீனெல்லாம் சத்தத்துக்குப் பயந்து ஓடி வலையில விழும். உன் குண்டம்மா பயப்படாது. வாயத் திறந்துட்டு நேரா வரும்."

தீனியக்கா கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அந்தக் கடலில் அறுபது படகு. அறுபதிலும் தட்டுவார்கள்.

மறுநாள் முதல் வேலையாக மருத்துவரிடம் ஓடினாள். இப்போது இருக்கும் மருத்துவர் சின்னப் பெண். வாரத்துக்கு ஒரு நாள் வருவாள், படபடவென்று பேசுவாள், விவரமானவள். புருஷன் சொன்னது சரிதான் என்றாள். ஆமைக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, இரையைத் தானே தேடிக்கொள்ளும், இந்த ஒரு பழக்கம்தான் எமன் என்றாள். அதை மறக்கடிக்க ஒரே வழி, சத்தம் வந்தால் அடி விழும் என்று அதற்குப் புரியவைப்பது. தீனியை விடியற்காலையில் குழாய் வழியாக, ஆள் முகம் தெரியாமல் விட்டுவிட வேண்டும். மற்ற நேரத்தில் தட்ட வேண்டும். வந்தால் கம்பால் மூக்கில் அடிக்க வேண்டும். வராமல் ஓடுகிற வரைக்கும்.

"ஆனா ஒண்ணு, அக்கா. நாலஞ்சு பேர் மாத்தி மாத்தி அடிக்கணும். வேற வேற சட்டை போட்டுக்கணும். ஒருத்தரே அடிச்சா அது அந்த ஆளத்தான் ஞாபகம் வச்சுக்கும், சத்தத்த இல்ல."

தீனியக்கா சரி என்றாள். போர்டு சார் உடனே ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் மாட்டினார். தேதி, நேரம், தட்டியவர் பெயர், ஆமை வந்ததா வரவில்லையா.

முதல் நாள் முறை மோட்டார்காரருக்கு. துடைப்பக் கம்பின் முனையில் ரப்பர்த் துண்டைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவர் தட்டினார். குண்டம்மா சாவகாசமாக வந்து வாயைத் திறந்தது. மனிதர் கம்பை ஓங்கி ஒரு போடு போட்டார். என்ன ஏது என்று புரியாமல் அது அமிழ்ந்தது, மறுபடி மேலே வந்தது, மறுபடி வாயைத் திறந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு மணிக் கூட்டத்துக்குச் செய்து காட்டுகிறவர் மாதிரி இன்னொன்று போட்டார். மூக்கிலிருந்து இரத்தம் தண்ணீரில் நூலாக இறங்கியது. தீனியக்கா இரும்புப் படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி, அந்தக் கம்பைப் பிடுங்கி, மனிதரை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவருடைய அப்பா, தாத்தா எல்லாரும் அதில் வந்தார்கள். இனிமேல் வேறு யாரும் இந்தத் தொட்டிப் பக்கம் வரக் கூடாது, அடிப்பதானால் நானே அடித்துக்கொள்கிறேன் என்றாள்.

அவள் பிள்ளையை அடுத்தவன் அடிப்பதா? அவளுக்கு அதுதான் தோன்றியது. அதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை என்பதுதான் கேடு.

அன்றிலிருந்து அவளே தட்டினாள், அவளே அடித்தாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை. நீல நிறச் சீருடை, கருப்பு ரப்பர் காலணி, அதே கை. அட்டவணையில் மட்டும் மோட்டார்காரர், கூட்டுகிறவள், நுழைவுச்சீட்டுக் கொடுப்பவர் என்று மாற்றி மாற்றி எழுதி வைத்தாள். முதல் வாரம் முழுக்கக் குண்டம்மா வந்துகொண்டே இருந்தது. அடி வாங்கிக்கொண்டு, விலகி, ஏதோ தப்பு நடந்துவிட்டது, இப்போது சரியாகிவிடும் என்று நினைத்த மாதிரி திரும்ப வரும். பதினாலு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தச் சத்தம் அதை ஏமாற்றியதில்லை. இரண்டாவது வாரம், தலையைத் தூக்கும்போதே கண்ணை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயை மட்டும் திறந்து வைத்திருக்கும். அந்த முகத்தில்தான் அடிக்க வேண்டும். அடித்தாள். "போடி, போய்த் தொலை, என்னப் பாக்காத" என்று ஒவ்வோர் அடிக்கும் திட்டினாள். வீட்டுக்கு வந்தால் சாப்பிட மாட்டாள். புருஷன் கேலியெல்லாம் நிறுத்திவிட்டு அவள் தட்டில் தானே சோற்றைப் போட்டு வைப்பான்.

நான்காவது வாரம் மாற்றம் தெரிந்தது. அவள் இரும்புப் படியில் ஏறும்போதே ஆமை தொட்டியின் அந்தக் கோடிக்கு ஓடி, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. தட்டினாள், அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள், இன்னும் ஒடுங்கியது. தீனியக்கா அந்தப் படியிலேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஜெயித்துவிட்டோம் என்ற அழுகை. கரண்டி இன்னும் இடுப்பில் இருக்கும்போதே, ஒரு தட்டும் தட்டாத முன்பே, அது எதைக் கேட்டு ஓடியது என்று அவள் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

கடைசி வாரம் வந்தபோது மருத்துவர் சோதித்துப் பார்த்தாள். தீனியக்கா தட்டிக் காட்டினாள். ஆமை நடுங்கி மூலைக்குப் போனது. மருத்துவருக்கு மகிழ்ச்சி. அட்டவணையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மற்றவர்களும் தட்டினார்களா என்று கேட்டாள்.

"தட்டினாங்க" என்றாள் தீனியக்கா.

அந்த ஒரு பொய். அப்போது அது பொய் என்றே அவளுக்குப் படவில்லை. யார் அடித்தால் என்ன, பயந்துவிட்டதா இல்லையா, அவ்வளவுதானே என்று நினைத்தாள். மருத்துவர் கையெழுத்துப் போட்டாள்.

விழா நாளன்று கடற்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். முந்நூறு பிள்ளைகள் காகிதத் தொப்பி வைத்துக்கொண்டு வெயிலில் வெந்தார்கள். சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, கடலைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். ஆறு பேர் சேர்ந்து ஆமையைத் தூக்கி வந்து ஈர மணலில் வைத்தார்கள். தீனியக்கா கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். கடைசி நேரத்தில் தன் முகத்தை அது பார்க்க வேண்டாம் என்று அவளாகத்தான் ஒதுங்கினாள். ஆமை சிறிது நேரம் அப்படியே கிடந்தது. ஓர் அலை வந்து முகத்தைத் தொட்டதும் துடுப்பை ஊன்றி நகர்ந்தது. அடுத்த அலையில் மிதந்தது. அவ்வளவு பெரிய உடம்பு தண்ணீரில் அத்தனை லேசாகப் போவதைப் பார்த்து அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா போர்டு சார்? ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். குழந்தைகளே, கடலரசி நம்மை மறக்கவே மாட்டாள், இப்போது பாருங்கள் என்றார். தீனி வாளியையும் கரண்டியையும் யாரையோ விட்டு எடுத்துவரச் செய்திருக்கிறார்; அட்டவணையை மாட்டியதோடு அது எதற்கு என்பதையே மறந்துவிட்ட பாவி மனிதர். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, வாளியின் விளிம்பில் தட்டினார். டங், டங், டங்.

தீனியக்கா சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். தட்டு, நன்றாகத் தட்டு, இப்போது பார் அது எப்படி ஓடுகிறது என்று மனசுக்குள் சொன்னாள்.

அலை உடைகிற இடத்தில் ஒரு தலை எழுந்தது. திரும்பியது. நேராகப் போர்டு சாரின் முழங்காலுக்கு வந்து, கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, வாயை ஆவென்று திறந்தது.

முந்நூறு பிள்ளைகளும் கை தட்டினார்கள். போர்டு சார் அதன் தலையைத் தடவிக் கொடுத்தார். படம் எடுத்தார்கள். தீனியக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு தண்ணீருக்குள் ஓடினாள். நீலச் சீருடையைக் கண்டதுதான் தாமதம், ஆமை தண்ணீரை அவள் முகத்தில் வாரி அடித்துவிட்டு ஒரே பாய்ச்சலில் உள்ளே போய்விட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. தீனியக்கா பட்டினி போட்டிருப்பாள், அதுதான் கோபம் என்று ஒலிபெருக்கியில் போர்டு சார் சொன்னார்.

"சார், தட்டுங்க. இன்னொரு தடவை தட்டிக் கூப்பிடுங்க. அதப் பிடிக்கணும் சார். அது எல்லார்கிட்டயும் போகும். அத விடக்கூடாது."

அவர் ஒலிபெருக்கியை மூடிக்கொண்டு, விட்டாச்சும்மா, விருந்தினர் பார்த்துக்கொண்டு இருக்கிறார், மானத்தை வாங்காதே என்று பல்லைக் கடித்தார். பிறகு விருந்தினரைப் பந்தலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மருத்துவர்தான் கரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தீனியக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? இடுப்பளவு தண்ணீரில் நின்று தட்டிக்கொண்டே இருந்தாள். தீனியக்கா பக்கத்திலேயே நின்று, குண்டம்மா, குண்டம்மா என்று தொண்டை கிழியக் கத்தினாள். கால் மணி நேரம் போனது. தூரத்தில் தலை இரண்டு தடவை எழுந்தது, இரண்டு தடவையும் அமிழ்ந்தது.

மருத்துவர் திரும்பி அவளைப் பார்த்தாள். "அக்கா, நீங்க கரைக்குப் போங்க. உங்களப் பாத்துதான் வர மாட்டேங்குது."

அவள் கரைக்குப் போனாள். கூட்டத்துக்குப் பின்னால், பந்தலுக்குப் பின்னால், சாலைக்கே போய் நின்றாள். அதற்குள் தலை கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விட்டிருந்தது.

புருஷன் அன்று மாலையே அறுபது படகுக்காரர்களிடமும் போய்ச் சொன்னான். பெரிய ஆமை ஒன்று படகை நோக்கி வரும், பார்த்தால் வலையைத் தூக்கிவிடுங்கள் என்றான். சிலர் சரி என்றார்கள். சிலர், உன் பெண்டாட்டி வளர்த்த ஆமைக்காக நாங்கள் தொழிலை விட வேண்டுமா என்றார்கள். தீனியக்கா தினமும் காலையில் கரைக்குப் போய், திரும்பி வருகிற ஒவ்வொரு படகையும் எட்டிப் பார்த்தாள். ஒன்பதாவது நாள் கடைசியாக வந்தது புருஷனுடைய படகு. அவன் கரையில் குதித்து அவளிடம் வந்து நின்றான். படகுக்குள் பார்க்க விடவில்லை.

முன்பக்கத்தில் கட்டையால் தட்டியது அவனுடைய தம்பி. இவன் பின்னால் வலை இழுத்துக்கொண்டிருந்தான். கத்தினானாம். அதற்குள் அது வலையைச் சுற்றிக்கொண்டுவிட்டது. அறுத்து எடுப்பதற்குள் மூச்சு முட்டிவிட்டது.

"அடி வாங்கின பயம் ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். "கண்ண மூடிட்டு வந்துச்சா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். நல்லவன்தான்; ஆனால் பொய் சொல்லத் தெரியாத நல்லவன்.

"இல்ல. கண்ணத் திறந்துட்டுத்தான் வந்துச்சு. பலகையில தலைய வச்சு, வாயத் திறந்துச்சு."

போர்டு சார் உண்மையிலேயே கலங்கிப்போனார். இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாவது நாள் ஒரு போர்டோடு வந்தார். கடலரசியின் உடலைப் பதப்படுத்திப் பஞ்சு அடைக்க ஆள் வந்தது. ஒரு மாதத்தில் அது நடைபாதையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது. திமிங்கல எலும்புக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கண்ணோடு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு. பொறுப்பற்ற மீன்பிடிப்பால் உயிர் இழந்த கடலரசி, கடலைக் காப்போம் என்று போர்டு. வாசலில் பாதுகாப்பு என்ற சொல் அப்படியே இருந்தது. விட்டோம் என்பதற்குப் படம் இருக்கிறதே. மருத்துவர் அட்டவணையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. தீனியக்காவிடம் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

பள்ளிப் பிள்ளைகள் வரும்போது கடலரசியைப் பற்றி நீதான் சொல்ல வேண்டும், உன்னைவிட அதை யாருக்குத் தெரியும் என்று போர்டு சார் சொல்லிவிட்டார். தினம் காலை பதினோரு மணிக்கு. கரண்டியையும் கையில் கொடுத்தார். அவள் மறுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

முதல் நாள் நாற்பது பிள்ளைகள். அவள் மனப்பாடம் செய்ததைச் சொன்னாள். தொண்டையில் முள், சாப்பாட்டுத் தட்டு அளவு, இருபத்து மூன்றாவது நாள். பிறகு போர்டு சார் கண்ணைக் காட்டினார். கரண்டியால் மேடையின் இரும்பு விளிம்பில் மூன்று தடவை தட்டினாள். இப்படி யார் தட்டினாலும் வரும் என்றாள். பிள்ளைகள் பஞ்சு அடைத்த ஆமையையே பார்த்தார்கள், ஒருவேளை வருமோ என்று.

முன்வரிசையில் நின்ற ஒரு சிறுமி கை தூக்கினாள். தலையைத் தூக்கிக்கொண்டு இப்படி எல்லாரிடமும் போகுமே, அதற்கு யாரைக் கண்டாலும் பயமே இல்லையா என்று கேட்டாள்.

"இருந்துச்சு" என்றாள் தீனியக்கா. "என்னக் கண்டா மட்டும்."

பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ஆசிரியை கை தட்டி, எல்லாரும் வரிசையாக அடுத்த அறைக்கு வாருங்கள், அங்கே கடற்பறவை இருக்கிறது என்றாள். தீனியக்கா கரண்டியை ஆமைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுறாக் குஞ்சுகளுக்குத் தீனி நேரமாகிவிட்டது என்று நடைபாதை வழியாகப் போனாள்.